திறந்த கைபேசி, திறக்கப்படாத வழக்கு

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஒரு கூட்டம் சூழ்ந்து அடித்தது. 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததே அவர்கள்மீது சந்தேகம் விழக் காரணம். அதே நாளில் பழவேற்காட்டிலும், அதற்குச் சில நாள் முன்பு குடியாத்தம் அருகிலும், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற ஐயத்தில் ஒவ்வொருவர் அடித்துக் கொல்லப்பட்டனர். வடநாட்டுக் கும்பல் ஒன்று குழந்தைகளைக் கடத்த வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வாரக்கணக்கில் சுற்றிய படங்களும் குரல் பதிவுகளும் இந்த மூன்று சாவுகளுக்கும் பின்னணியில் இருந்தன. வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் என்று போளூர் நோக்கிப் போகும் சாலை ஜவ்வாது மலையை ஒட்டியே செல்கிறது. இந்தச் சாலையோர ஊர்களுக்கு இணையக் குற்றம் என்பது பெருநகரத்துச் செய்தியாக இருந்த காலம் அந்த மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு கேள்வி நிற்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் வாழும் ஒருவருக்கு இணையவழியில் கேடு நேர்ந்தால், நம் போலீஸால் அதைக் கையாள முடியுமா? முடியவில்லை என்றால் குறுக்கே நிற்பது எது?

அரசுகளும் உயர் அதிகாரிகளும் இதற்குப் பல ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லி வருகிறார்கள். மறைகுறியாக்கம், அதாவது என்க்ரிப்ஷன், விசாரணையின் கண்ணைக் கட்டிவிட்டது. செய்தியைப் படிக்க முடியவில்லை, போனைத் திறக்க முடியவில்லை, சாவி கிடைத்தால் குற்றவாளி கிடைப்பான் என்கிறார்கள். இந்தப் பதில் முழுப் பொய் அல்ல. ஆனால் தமிழ்நாட்டு வழக்குகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் தோல்வி பெரும்பாலும் பூட்டுக்கு வெளியே நடந்திருப்பது தெரிகிறது. புகார் வாங்கும் மேசையிலும், பணம் கைமாறும் முதல் ஒரு மணி நேரத்திலும், பறிமுதல் செய்த போனை ஏட்டு எந்த நிலையில் எடுத்துவைக்கிறார் என்பதிலும் அது நடந்திருக்கிறது. பூட்டை உடைக்கும் அதிகாரத்தை டெல்லியோ சென்னையோ பெற்றாலும் கணியம்பாடிக்காரரின் வழக்கு நகராது என்பதே என் வாதம்.

பூட்டைப் பற்றிய பெருவழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே தொடங்கியது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று 2018இல் அந்தோணி கிளமெண்ட் ரூபின், ஜனனி கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் தனித்தனியே மனு போட்டனர். விசாரணை போகப்போக ஆதார் பின்னால் நகர்ந்து, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி முன்னால் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி 2019இல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளம் ஒட்டியே செல்லட்டும். அதை மற்றவர்கள் பரப்பலாமா கூடாதா என்பதையும் அவரே குறிக்கட்டும் என்பது அந்த வழி. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார்: இத்தகைய அடையாளத்தைப் போலியாக்க முடியும், தேர்ந்த குற்றவாளி எளிதில் தப்புவான், எளிய மனிதர் மாட்டுவார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால் பெரிய செய்திச் சேவைகள் முதல் அனுப்புநரைக் காட்டித்தர வேண்டும் என்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறைகுறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே கூறினார்.

இந்த விதி 2018 மே மாதத்தில் நடைமுறையில் இருந்திருந்தால் அத்திமூரில் என்ன மாறியிருக்கும்? அடித்தவர்கள் முகம் மறைக்கவில்லை. பட்டப்பகலில், பலர் கண்முன் நடந்தது. காணொளிகளே சாட்சியாயின, போலீஸ் பலரைக் கைது செய்தது. வதந்தியைப் பரப்பியவர்கள்மீதும் நடவடிக்கை எடுத்தது. செய்தியைப் பெற்றவர் ஒவ்வொருவரின் போனிலும் அது திறந்த எழுத்திலேயே கிடந்ததால், கையிலிருந்து கைக்குப் பின்னோக்கிப் போவதற்கு எந்தச் சாவியும் வேண்டியிருக்கவில்லை. முதல் அனுப்புநரைத் தேடிப் போயிருந்தாலும் எங்கே போய் நின்றிருப்பார்கள்? அந்த ஆண்டு நாடெங்கும் பீதி கிளப்பிய காணொளிகளில் ஒன்று, குழந்தைக் கடத்தலுக்கு எதிராகப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். ‘குழந்தைகளைக் காப்போம்’ என்று சொல்லும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்துவிட்டுப் பரப்பினார்கள். குடியாத்தம் கொலை நடந்து பத்து நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது. வதந்தி எந்தெந்த ஊரில் சுற்றுகிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்த செய்தி. அந்த நாட்களில் ஊர் ஊராக ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதற்கும் ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பேசுவதற்கும் மறைகுறியாக்கம் தடையாக இருக்கவில்லை. மறுபக்கம், செய்திகளை யாரும் படிக்காமலேயே பரவலின் வேகத்தைக் குறைக்க வழி இருந்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. 2020இல் பலமுறை கைமாறிய செய்தியை ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றது. இரண்டுக்கும் பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று கணியம்பாடி வரை வந்து சேரும் இணையக் குற்றங்களைப் பார்ப்போம். பகுதிநேர வேலை என்று டெலிகிராமில் இழுத்துப் பணம் கட்டவைப்பது, போலிப் பங்குச் சந்தை செயலி, கடன் செயலியின் மிரட்டல், ஓ.டி.பி. வாங்கிக் கணக்கைத் துடைப்பது, சி.பி.ஐ. அதிகாரி வேடத்தில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவது, பெண்களின் படங்களைத் திரித்துப் பரப்புவது. இவை அனைத்திலும் முதல் சான்று பாதிக்கப்பட்டவரின் போனில் இருக்கிறது. அவரே அதைத் திறந்து மேசைமேல் வைக்கிறார். அழைத்த எண், உரையாடல், பணம் போன கணக்கு, பரிவர்த்தனை எண், நேரம் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. முனைக்கு முனை மறைகுறியாக்கம் வழியில் ஒட்டுக்கேட்பவரைத்தான் தடுக்கும். முனையில் இருப்பவரே புகார்தாரராக வந்து நிற்கும்போது அது யாரையும் தடுப்பதில்லை. ஆக, பெரும்பான்மையான புகார்களில் போன் திறந்துதான் இருக்கிறது. வழக்குதான் திறப்பதில்லை.

எவ்வளவு திறப்பதில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் 2023இல் பதிவான புகார்கள் சுமார் 16 லட்சம். அதே ஆண்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் காட்டும் இணையக் குற்ற வழக்குகள் 86,420. ஒரே நிகழ்வுக்குப் பல புகார், தவறான புகார் என்று தள்ள வேண்டியதைத் தள்ளினாலும் இடைவெளி மிகப் பெரியது. நூறு புகாருக்கு ஐந்தாறு வழக்கு. நாடு முழுவதும் இணைய மோசடியில் மக்கள் இழந்ததாக ஒன்றிய உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாததை நிகழாததாகக் கொள்ளும் வழக்கத்தின் விபரீதத்தைக் கணியம்பாடி ஒன்றியம் வேறொரு துறையில் உலகத்துக்கே காட்டியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக நல மருத்துவத் துறை இந்த ஒன்றியத்தின் ஒரு லட்சத்துச் சொச்சம் மக்களை வீடு வீடாகப் பின்தொடர்ந்து பிறப்பையும் இறப்பையும் பதிந்து வந்தது. 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்து 2003இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இங்கே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 என்று கண்டது. போலீஸ் பதிவுகளை நம்பிய தேசியக் கணக்கோ பத்தைச் சுற்றியே இருந்தது. மறைந்துபோன சாவுகளை அங்கே கண்டுபிடித்தவர்கள் வீட்டுவாசலுக்குப் போன கிராம சுகாதாரப் பணியாளர்கள். இணையக் குற்றத்துக்கும் அப்படி ஒரு வாசல்நிலை ஆள் தேவைப்படுகிறார். அந்த ஆளை நம் சட்டமே தடுத்து வைத்திருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆவது பிரிவு, அச்சட்டப்படியான குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழ்ப்பட்டவர் விசாரிக்கக் கூடாது என்கிறது. 2000இல் சட்டம் வந்தபோது டி.எஸ்.பி.தான் விசாரிக்கலாம் என்றிருந்தது; 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒரு படி இறக்கியது. கணினியே புதிராக இருந்த காலத்தில், அறியாமையால் யாரையும் துன்புறுத்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த வேலி அது. இன்றோ டீக்கடைக்காரரும் க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார், இணையம் தொடாத குற்றத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஒரு வட்டத்தின் சட்டம் ஒழுங்கு, கோயில் திருவிழாப் பாதுகாப்பு, சாலை மறியல் எல்லாவற்றையும் சுமக்கும் இன்ஸ்பெக்டரே ஐயாயிரம் ரூபாய் ஓ.டி.பி. மோசடியையும் விசாரிக்க வேண்டும் என்றால் நடப்பது என்ன? ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்து, மாவட்ட சைபர் கிரைமுக்குப் போங்கள் என்று அனுப்புவார்கள். அல்லது ஐ.டி. சட்டப் பிரிவைச் சேர்க்காமல் வெறும் மோசடி வழக்காக எழுதுவார்கள். பிறகு நீதிமன்றத்தில் வழக்கின் பாதி நழுவும். தமிழ்நாடு 2021இல் இணையவழிக் குற்றப் பிரிவைத் தனியாக அமைத்து, மாவட்டத்துக்கும் மாநகரத்துக்கும் சைபர் கிரைம் காவல் நிலையங்களை ஏற்படுத்தியது. இது பல மாநிலங்களைவிட முன்னேறிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜவ்வாது மலையடிவாரக் கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு மாவட்டத் தலைநகரம் என்பது ஒரு நாள் கூலி. இழந்தது ஐயாயிரம் என்றால் இரண்டாவது முறை போகமாட்டார்.

மோசடியில் பணம்தான் முதலில் ஓடுகிறது. 1930 என்ற உதவி எண்ணின் பின்னால் இருக்கும் ஏற்பாடு எளிமையானது. புகார் வந்ததும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அங்கே இருந்தால் நிறுத்தப்படும். வேறு கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். மோசடிக்காரர்கள் பணத்தை நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரித்து, ஏ.டி.எம்.மில் எடுத்தோ கிரிப்டோவாக மாற்றியோ கரைத்துவிடுவதால், முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தவருக்கும் மறுநாள் அழைத்தவருக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ முழுத் தொகை. தமிழ்நாட்டில் முடக்கப்படும் தொகை கணிசமானது. உரியவர் கைக்குத் திரும்பி வருவதோ அதில் சிறு பங்கு. காரணம், பணத்தை விடுவிக்கப் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும்; ஆணைக்கு மனு வேண்டும்; மனு எழுதித்தர ஆள் வேண்டும். முடக்கத்திலும் அநீதி நடக்கிறது. மோசடிப் பணத்தில் ஒரு துளி யு.பி.ஐ. வழியாக வந்து விழுந்ததற்காகக் கடைக்காரரின் கணக்கு மொத்தமும் உறைந்துபோகிறது. எந்த மாநிலப் போலீஸ் முடக்கியது என்று வங்கிக்கிளை சொல்வதற்கே வாரங்கள் ஆகின்றன. ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதிக் கணக்கை இயங்கவிட வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆணையிட்டது. இது ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பொதுவிதியாக வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். குற்றவாளிகள் கம்போடியாவிலும் மியான்மரிலும் லாவோஸிலும் உட்கார்ந்திருக்கும்போது தாலுகா ஸ்டேஷனில் ஆள் போட்டு என்ன பயன்? கும்பலின் தலை வெளிநாட்டில் இருப்பது உண்மை. ஆனால் அந்தத் தலைக்குக் கைகால்கள் நம் ஊர்களிலிருந்து போகின்றன. வெளிநாட்டு வேலை என்று ஏஜெண்டை நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, அடிக்குப் பயந்து மோசடி அழைப்புகள் செய்ததை 2022 முதல் மீட்கப்பட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திருட்டுப் பணம் வந்து இறங்கும் வங்கிக் கணக்குகளும் பெரும்பாலும் இந்தியர்களுடையவை: சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் வாடகைக்கு விட்ட கல்லூரி மாணவர், வேலையில்லாதவர், மகளிர் குழுக் கடனில் சிக்கியவர். 2024 டிசம்பரிலும் 2025 ஜூனிலும் தமிழக இணையவழிக் குற்றப் பிரிவு நடத்திய ‘திரைநீக்கு’ நடவடிக்கைகளில் முதல் முறை எழுபதுக்கும் மேற்பட்டோர், அடுத்த முறை நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். பொறியியல் கல்லூரி உள்ள கணியம்பாடி போன்ற ஊரில் வாடகைக் கணக்குத் தரகன் யாரென்று அறிய இன்டர்போல் வேண்டாம். அந்த ஊரைத் தெரிந்த எஸ்.ஐ. வேண்டும். கைதானவர்களில் தரகன் யார், ஏமாந்து கணக்கைக் கொடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கவும் அதே ஊரறிவுதான் உதவும்.

இனி உண்மையிலேயே பூட்டிய போனுக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவரின் போனைக் கைப்பற்றும்போதுதான் மறைகுறியாக்கம் போலீஸின் முன் சுவராக எழுகிறது. 2014இல் வந்த ஐ.ஓ.எஸ். 8 முதல், கடவுச்சொல் இல்லாமல் ஐபோனின் தரவை ஆப்பிளாலேயே எடுத்துத்தர முடியாத நிலை உருவானது. ஆண்ட்ராய்டும் அவ்வழியே வந்தது. ஆனாலும் இந்தச் சுவர் எல்லா நேரமும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. போனை இயக்கி ஒருமுறையாவது திறந்த பிறகு பூட்டியிருந்தால், சில மறைச்சாவிகள் அதன் நினைவகத்தில் நிற்கும். தடயவியல் கருவிகளுக்குப் பிடி கிடைக்கும். அணைத்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். 2024இல் வந்த ஐ.ஓ.எஸ். 18.1, மூன்று நாள் தொடர்ந்து திறக்கப்படாத போன் தானாகவே மறுதொடக்கம் ஆகும்படி செய்தது; 2025இல் கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு அதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கைப்பற்றியவுடன் போனை அணைத்து, துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, அடுத்த வாரம் ஆய்வகத்துக்கு அனுப்புவது கத்திக்கும் அரிவாளுக்கும் பொருந்திய நடைமுறை. போனுக்கு அதே நடைமுறை சான்றைத் தன் கையால் பூட்டுவதாகும். விமானப் பயன்முறைக்கு மாற்றுவது, அலைவரிசை புகாத உறையில் வைப்பது, மின்னூட்டம் குறையாமல் பார்ப்பது, மூன்று நாளுக்குள் ஆய்வகம் சேர்ப்பது, இவ்வளவும் ஒரு முதல்நிலைக் காவலருக்கு இரண்டு நாள் பயிற்சியில் கற்றுத்தரக் கூடியவை. இந்தியாவின் முதல் தடய வேதியியல் ஆய்வகம் 1849இல் சென்னையில்தான் தொடங்கியது. அந்த மரபு உள்ள மாநிலத்தில், ஆய்வகம் சேருமுன்பே சான்று செத்துப்போகிறது என்பதை ஏற்க முடியாது.

பூட்டுகளைத் தாண்டி வழக்கு வெல்லும் என்பதற்குப் பொள்ளாச்சி சான்று. 2019இல் வெளிவந்த அந்தப் பாலியல் கொடுமை வழக்கில் குற்றத்தின் கருவியே கைபேசிக் காணொளிதான். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. மின்னணுச் சான்றுகளும், ஒருவர்கூடப் பிறழாத சாட்சிகளும் அந்தத் தீர்ப்பைத் தாங்கி நின்றன. தொடக்கத்தில் இந்த வழக்கைச் சாய்க்கப் பார்த்தது எது என்று நினைத்துப் பாருங்கள். எந்தச் செயலியும் அல்ல. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை மாவட்டக் காவல் அதிகாரியே ஊடகத்தின் முன் வெளியிட்டது. அதைப் பார்த்த மற்ற பெண்கள் முன்வரத் தயங்கினார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கும் பிறகு சி.பி.ஐ.க்கும் போய், எட்டுப் பெண்கள் துணிந்து சாட்சி சொன்னதால்தான் நின்றது. இதற்கு முன்னோடியும் நம்மிடமே உண்டு. இந்திய ஐ.டி. சட்டத்தின் 67ஆவது பிரிவில் முதல் தண்டனையை 2004 நவம்பரில் வழங்கியது எழும்பூர் நீதிமன்றம். யாஹூ குழுவில் ஒரு பெண்ணை இழிவுபடுத்திய வழக்கு அது. புகார் வந்த அதே ஆண்டில் சென்னை சைபர் கிரைம் போலீஸ் அதை முடித்தது. மின்னணு ஆவணத்துக்கு முறையான சான்றிதழ் வைக்கப்பட்டதும், வெளியிலிருந்து வல்லுநரை அழைத்துப் பேசவைத்ததும் அந்த வழக்கைக் காத்தன. இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் ஒரு வல்லுநரின் கையொப்பத்தையும் கேட்கிறது. மாவட்டந்தோறும் அந்த வல்லுநர் யார் என்பதற்குப் பதில் சொல்லாமல் சட்டத்தை மட்டும் கூர்மையாக்கினால், தாமதம்தான் கூடும்.

இவையெல்லாம் சின்ன மோசடிக்குச் சரி, பயங்கரவாதிக்கும் குழந்தைகளைச் சீரழிப்பவனுக்கும் என்ன பதில் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பூட்டு உண்மையிலேயே அப்பாவி உயிருக்கும் நீதிக்கும் இடையில் நிற்கும் வழக்குகள் உண்டு. அவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அங்கேயும் எல்லோருக்கும் பொதுவான பின்வாசல் பயன்பட்டதாக வரலாறு சொல்லவில்லை. 2015 சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் எஃப்.பி.ஐ. ஒரு ஐபோனைத் திறந்துதரச் சொல்லி ஆப்பிளுடன் நீதிமன்றத்தில் மோதியது. பிறகு வெளியார் ஒருவரின் உதவியால் திறந்துகொண்டு வழக்கைத் திரும்பப் பெற்றது. தன்னிடமிருந்த வழிகளையே எஃப்.பி.ஐ. முழுமையாகத் தேடிப் பார்க்கவில்லை என்று 2018இல் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை சொன்னது. குற்றக் கும்பல்கள் பயன்படுத்திய என்க்ரோசாட் என்ற மறைபேசி வலையை 2020இல் பிரெஞ்சுப் போலீஸ் ஊடுருவியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகினர். குறி வைத்த வலைக்குள் நுழைந்த வேலை அது. கோடிக்கணக்கானோரின் பூட்டைத் தளர்த்தியதல்ல. தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கிரேக்கம் சான்று. சட்டப்படி ஒட்டுக்கேட்க வைத்திருந்த வசதியை 2004–05இல் யாரோ கைப்பற்றி, அந்நாட்டுப் பிரதமரின் பேச்சையே கேட்டார்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் அதே போன்ற வசதிக்குள் சீன ஊடுருவிகள் புகுந்தது 2024இல் வெளிவந்தபோது, குறிவைக்கப்படக் கூடியவர்கள் முனைக்கு முனை மறைகுறியாக்கம் உள்ள செயலிகளையே பயன்படுத்துங்கள் என்று அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகமை அறிவுறுத்தியது.

நம் நாட்டில் சாவியைக் கையில் கொடுக்கத் தயங்குவதற்கு இன்னும் அருகிலேயே காரணங்கள் இருக்கின்றன. 2024 மே மாதத்தில் தமிழகக் காவல்துறையின் முகமறிதல் தளமே ஊடுருவப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியாகி, அவருடைய விவரங்கள் ஊர் முழுக்கப் போயின. சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. பீமா கோரேகான் வழக்கில் கைதாகி 2021இல் காவலில் இருந்தபடியே மறைந்த ஸ்டேன் சுவாமி தமிழ்நாட்டில் பிறந்தவர். அவருடைய கணினியில் ஆவணங்கள் வெளியிலிருந்து செருகப்பட்டன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான அர்செனல் 2022இல் அறிக்கை தந்தது. தன் வீட்டுக் கதவையே பூட்டாத ஒருவரிடம் ஊர்ச் சாவிகளை ஒப்படைக்கச் சொல்வதைப் போன்றது இந்தக் கோரிக்கை. காவல்துறையில் நேர்மையாக உழைப்பவர்கள் ஏராளம். அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களுக்குக் கிடைத்திருக்கும் அமைப்பு, தன்னிடம் வந்த தரவையே காக்கும் நிலையில் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பதில் நம் நீதிமன்றங்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை. கைரேகை எடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு காத்தி காலு ஓகட் வழக்கில் சொன்னது. மனத்தில் உள்ளதைக் கட்டாயமாக வெளிக்கொணர்வது அரசமைப்பின் 20(3)ஆவது பிரிவுக்கு எதிரானது என்று 2010இல் செல்வி வழக்கில் சொன்னது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கடவுச்சொல்லை முதல் வகையோடு சேர்த்தது. 2022இல் டெல்லி சி.பி.ஐ. நீதிமன்றம், கைரேகையால் திறக்கவைக்கலாம், கடவுச்சொல்லைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று பிரித்தது. என் பார்வையில் இந்தப் பாகுபாடு நெடுநாள் நிற்காது. விரலை வைத்தாலும் எண்ணைச் சொன்னாலும் திறப்பது ஒரே வாழ்க்கைதான்: குடும்பப் படங்கள், மருத்துவச் சீட்டு, வங்கி, நண்பர்கள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். ஆகவே எந்த வழியானாலும் மாஜிஸ்திரேட்டின் ஆணை, எந்தக் காலத்துக்குரிய எந்த வகைத் தரவு என்ற வரம்பு, இரண்டும் வேண்டும். விசாரணைக்கு இது தாமதம் என்பார்கள். மாஜிஸ்திரேட் ஆணை பெற ஒரு நாள் ஆகலாம். ஆய்வகத்தில் போன் காத்திருக்கும் மாதங்களோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை.

புகார் கொடுப்பவரின் போனையே சான்றுப் பொருளாக வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் இங்கே பேச வேண்டும், ஏனென்றால் மலையடிவார ஊர்களில் புகாரைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பயம்தான். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும் குடும்பத்தில் நூறு நாள் வேலைக் கூலிச் செய்தியும், கேஸ் பதிவும், பிள்ளையின் பள்ளிக் குழுவும், வங்கி ஓ.டி.பி.யும் அதே போனில்தான் வருகின்றன. அதை விட்டுவிட்டு வீடு திரும்பச் சொன்னால் இழந்த பணமே மேல் என்று எழுந்து போவார்கள். தேவையான பகுதியை அவர் கண்முன் படியெடுத்து, ஹாஷ் மதிப்பைக் குறித்து, காணொளியில் பதிந்து, போனை அப்போதே திருப்பித் தரலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 105ஆவது பிரிவு பறிமுதலைக் காணொளியாகப் பதிவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

மின்னணுக் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொன்னது. அதுவரை சி.பி.ஐ. கையேட்டைப் பின்பற்றுவதாக அடுத்த மாதம் அரசு பதில் தந்தது. அந்தக் கையேடு சி.பி.ஐ. ஆய்வாளருக்கு எழுதப்பட்டது, தாலுகா ஸ்டேஷன் ஏட்டுக்குத் தமிழில் எழுதப்பட்டதல்ல. 78ஆவது பிரிவைத் திருத்தி, பயிற்சி பெற்ற எஸ்.ஐ.க்கு விசாரணை அதிகாரம் தருவது நாடாளுமன்றத்தின் வேலை. தமிழ்நாடு அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டும். மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காவல்துறை அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் பொருள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் 1930 புகாரை அங்கேயே ஏற்றித்தரப் பயிற்சி பெற்ற ஒருவர், அலைவரிசை தடுக்கும் உறையும் பவர் பேங்க்கும், ஆய்வகத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரக் கெடு, புகார்தாரரின் போனை அன்றே திருப்பித் தருதல், முடக்கிய பணத்தை மீட்கும் மனுவை ஸ்டேஷனே எழுதித் தருதல் ஆகியவற்றை டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கையில் ஆணையிடலாம். பட்ஜெட்டில் இதற்கு ஆகும் செலவு ஒரு மாவட்டத்துக்கு வாங்கும் சில ரோந்து வாகனங்களுக்கு மேல் போகாது என்றே நினைக்கிறேன்.